குடும்ப ஒளிப்படங்களும் மூலபாடமும்: வீட்டுவழி எண்மமாக்கம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்தியச் சமூக வரலாற்று ஆய்வில் கல்வெட்டுகளும் அரசு ஆவணங்களும் பெற்றுள்ள இடத்தைக் குடும்ப ஒளிப்படங்கள் பெறவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஆவணக் காப்பகங்களில் அன்றி வீட்டுப் பெட்டிகளில் இருப்பது இதற்கு ஒரு காரணம் எனலாம். அவற்றை ஸ்கேனர், கைப்பேசி ஆகியவற்றின் துணைகொண்டு வீட்டிலேயே எண்மப் படிகளாக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. இம்முயற்சியில் முகம் காக்கப்பட்டுச் சான்று இழக்கப்படும் நிலை நேர்தல் கூடும். அதனைத் தவிர்க்கும் நெறியை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஒளிப்படம் குடும்பத்திற்கு வந்தமை

பாரிசில் 1839-இல் உலகறிய அறிவிக்கப்பட்ட ஒளிப்படக்கலைக்குப் பம்பாயில் 1854-இலும், சென்னையிலும் கல்கத்தாவிலும் 1856-இலும் சங்கங்கள் தோன்றின. சென்னை மாகாண அரசுக்காக லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். பிரான்சில் டிஸ்டெரி 1854-இல் காப்புரிமை பெற்ற சிற்றட்டைப் படமுறை, செலவைக் குறைத்து உருவப்படத்தைக் குடும்பங்களுக்கு உரியதாக்கியது. லாலா தீன் தயாள் 1892-இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கெனத் தனி ஸ்டூடியோ தொடங்கியமை, ஒளிப்படம் அந்தப்புரத்தையும் எட்டியதைக் காட்டும்.

பின்புறச் சான்றுகள்

பழைய படமொன்றின் காலத்தையும் இடத்தையும் அறிய உதவுவன பெரும்பாலும் உருவத்திற்குப் புறத்தே உள்ளன. அட்டையில் அச்சிட்ட ஸ்டூடியோவின் பெயர், தெரு, ஊர், பின்புறக் கையெழுத்து, ஆல்பத்தில் அமைந்த வரிசை ஆகியன அத்தகையன. முகப்பை மட்டும் நகலெடுத்து ஓரங்களை வெட்டிவிடின் இவையனைத்தும் மறையும்.

உறவுப்பெயர்க் குறிப்புகள் தனிக் கவனத்திற்கு உரியன. ‘அத்தை’ எனப் பின்புறத்தில் எழுதப்பட்டிருப்பின், எழுதியவர் யாரென அறியாதவரை அச்சொல் எவரையும் சுட்டாது. ஒருவருக்கு அத்தையானவர் பிறிதொருவருக்குத் தாயாவார். எனவே இயற்பெயரையும், அச்செய்தியைக் கூறியவர் பெயரையும், கேட்டறிந்த நாளையும் உடன் பதிதல் இன்றியமையாதது.

பதிப்பு நெறி

சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் முதலியோர் வளர்த்த பதிப்பு மரபு, பல படிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தலை வலியுறுத்துவது. பதிப்பாசிரியர் தம் கருத்தை மூலத்தோடு கலத்தல் அதில் பிழையாகக் கருதப்படும். இந்நெறி ஒளிப்படத்திற்கும் பொருந்தும்.

திருத்தப்படாத முதற்படி ஒன்றை டிஃப் வடிவில் சேமித்தல் வேண்டும். ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என நகலெடுப்பின், 4 × 6 அங்குலப் படம் 2400 × 3600 புள்ளிகளாக அமையும். ஆல்பத்திலிருந்து படங்களைப் பிரிக்குமுன் முழுப் பக்கத்தையும் பதிதல் நன்று. ஒட்டியிருக்கும் படத்தை வலிந்து பெயர்த்தல் ஆகாது. பின்புறத்தைத் தனிக் கோப்பாக்கி, முன்புறக் கோப்பின் எண்ணையே அதற்கும் இடலாம்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதாகத் தோன்றினும், மூலத்தில் இல்லாத கண்ணையும் வாயையும் ஊகித்து வரைகின்றன. கறுப்புவெள்ளைச் சேலைக்குத் தாமே நிறம் அளிக்கின்றன. சுவடியியலார் இதனை இடைச்செருகல் என்பர். இந்திய ஓவியர்கள் அக்காலத்தில் ஒளிப்படத்தின்மேல் கையால் தீட்டிய வண்ணமோ அப்படத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாகும். அதனைக் கறையெனக் கருதி நீக்குதல் கூடாது. அழகுபடுத்திய படியை வைத்துக்கொள்ள விரும்புவோர், அதனை வேறு பெயரிட்டுத் தனியே வைத்தல் தகும்.

முடிவுரை

எண்மப் படி மூலத்திற்கு மாற்றாகாது. நகலெடுத்தபின் மூலப்படத்தைக் கைவிடின், தாளும் அட்டையும் தரும் சான்றுகளை எதிர்கால ஆய்வாளர் பெற இயலாது. படத்திலுள்ளோரை அடையாளம் காட்டவல்ல முதியோரிடம் கேட்டறியும் பணியோ அதனினும் விரைந்து செய்யத்தக்கது. கருவி பின்னரும் கிடைக்கும். அம்முதியோர் நினைவு கிடைத்தல் அரிது. ஆதலின் நகலெடுத்தலுக்கு முன்னரே பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வது வீட்டுவழி எண்மமாக்கத்தின் முதற்பணியாதல் வேண்டும்.