கண்டிச் சீமையிலிருந்து காலி மைதானம் வரை

துண்டு முறையையும் கங்காணிகளின் ஆதிக்கத்தையும், 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், 1964-இல் நம்மைத் தலையெண்ணிப் பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் பற்றிச் சென்ற வாரங்களில் எழுதிவந்த இத்தொடரில், இவ்வாரம் ஒரு சினிமாப் படத்தைச் சரித்திர ஆவணங்களின் வரிசையில் வைத்துப் பேச விரும்புகிறேன். துரைமார் எழுதி வைத்த நாட்குறிப்புகளிலும், அரசாங்கத்தின் நிருவாக அறிக்கைகளிலும், தொழிற்கமிஷன் ஏடுகளிலும் நம் முன்னோர் பெயரில்லாத எண்ணிக்கைகளாகவே காட்சி தருகிறார்கள்; அந்த எண்ணிக்கைக்குள் ஒருவராக வந்து சேர்ந்த தொழிலாளி ஒருவரின் பேரர் உலகம் அறிந்த விளையாட்டு வீரராகி, அவருடைய வாழ்க்கை 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி '800' என்னும் பெயரில் திரைப்படமாக வெளிவந்தபோது, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள நம் ஜனங்களுக்கு அது வெறும் கிரிக்கெட் படமாக இருக்கவில்லை.

விளையாட்டுப் படம் ஒன்று ஒரு தேசத்தின் சினிமாவில் எத்தகைய ஸ்தானத்தை அடையக்கூடும் என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் உதாரணம் காட்டுகிறேன். 1930-இல் உருகுவே நாட்டில் முதலாவது உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, ஐரோப்பாவிலிருந்து நான்கே நாடுகள் கப்பலேறிச் சென்றன. அவற்றில் ஒன்று யூகோஸ்லாவியா. கால்பந்துச் சங்கத்தின் தலைமையகம் ஸாக்ரெபிலிருந்து பெல்கிரேடுக்கு மாற்றப்பட்டதால் சினங்கொண்ட குரோஷிய ஆட்டக்காரர்கள் வர மறுத்துவிட, எஞ்சியிருந்த இளைஞர்களைக் கொண்டு புறப்பட்ட அந்த அணி, பிரேசிலை 2–1 என்றும் பொலிவியாவை 4–0 என்றும் வென்று அரையிறுதி வரை சென்று, அங்கே உருகுவேயிடம் 6–1 என்று தோற்றுத் திரும்பியது. யூகோஸ்லாவியா என்னும் தேசமே சிதறி, 2006-இல் மொண்டெனேகுரோவும் பிரிந்து போய், செர்பியா தனித்து நின்ற காலத்தில், டிராகன் பியெலொகுர்லிச் என்னும் நடிகர் தம் முதல் டைரக்ஷனாக இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, 2010-இல் 'மொண்டெவிடேயோ' படத்தைத் தந்தார். செர்பியா அதையே ஆஸ்கார் பரிசுக்குத் தன் நாட்டின் படமாக அனுப்பி வைத்தது.

அந்தப் படத்தில் என் சிந்தையைக் கவர்ந்த விசேஷம் ஒன்று உண்டு. உலகக் கோப்பைக்குச் சென்ற அணியைப் பற்றிய படமாக இருந்தும், உலகக் கோப்பை அதில் இல்லை. அணி புறப்படுவதோடு படம் முடிந்துவிடுகிறது, போட்டிகளெல்லாம் 2014-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கே விடப்பட்டன. சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுப் பிழைக்கும் ஓர் ஏழைச் சிறுவனின் வாயிலாகக் கதை சொல்லப்படுகிறது. மோஷா, திர்க்கே என்னும் இரண்டு ஆட்டக்காரர்களின் சிநேகமும் பகையும், பழைய பெல்கிரேடின் கற்கள் பாவிய தெருக்களும், மதுக்கடைகளும், புழுதி பறக்கும் மைதானங்களுமே அதன் உயிர். தன் பழைய ஊரையும் பழைய மனிதர்களையும் கண்ணாரக் காண விரும்பிய ஒரு ஜனசமூகத்துக்குப் பந்து ஒரு வியாஜமாயிற்று என்றே கொள்ளவேண்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். 1823-இல் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் ஜார்ஜ் பேர்ட் காப்பி பயிரிடத் தொடங்கிய நாளிலிருந்து தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் தென்னிந்தியக் கிராமங்களை விட்டுக் 'கண்டிச் சீமை'க்கு வந்தவண்ணம் இருந்தனர் என்பதை இத்தொடரின் ஆரம்பத்திலேயே கண்டோம். அந்த நெடிய வரிசையின் பிற்பகுதியில், 1920-ஆம் ஆண்டில், மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர் பெரியசாமி சின்னசாமி. பின்னாளில் அவர் இந்தியாவுக்கே திரும்பித் திருச்சிராப்பள்ளியில் மகளுடன் வாழ்ந்தார். ஆனால் அவருடைய மகன் முத்தையா இந்த மண்ணிலேயே நிலைத்துக் கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அவருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் பிறந்த நான்கு புதல்வர்களில் மூத்தவராக 1972 ஏப்ரல் 17-ஆம் தேதி பிறந்தவர் முரளிதரன். ஒரே குடும்பத்துக்குள் பாட்டனார் அக்கரைக்குத் திரும்புவதும் மகன் இக்கரையில் வேரூன்றுவதும் நம்மில் எத்தனை வீடுகளில் நடந்தன என்பதை வாசகர்கள் அறிவார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் ஹட்டன் ஸ்டேஷனில் அழுகையும் ஓலமுமாக வழியனுப்பிய குடும்பங்களின் வம்சத்தார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1977-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை தாக்கப்பட்டது, தந்தையார் காயமுற்றார். அப்போது முரளிதரனுக்கு வயது ஐந்து. அதன் பிறகும் அக்குடும்பம் அங்கேயே இருந்து தொழிலை மறுபடி நிலைநிறுத்தியது என்பதையும், பையன் கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியில் சிங்களப் பிள்ளைகளோடு கூடப் படித்து, வேகப்பந்து வீசுபவனாகத் தொடங்கி, பதினான்காம் வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோவின் யோசனையின்படி சுழற்பந்துக்கு மாறினான் என்பதையும் சேர்த்து நோக்கும்போதுதான், பின்னால் வந்த கீர்த்தியின் அடிவாரம் எத்தகையது என்று விளங்கும்.

கிரிக்கெட் மலைநாட்டுக்கு எவ்வாறு வந்தது என்பதையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். டிக்கோயாவில் தரவளை மைதானமும், நானுஓயாவுக்கு அருகே ரதல்ல மைதானமும் வெள்ளைத் துரைமார் தங்கள் ஓய்வு நாட்களுக்கென்று அமைத்துக்கொண்டவை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த அணிகளும் மலையேறி அங்கே ஆடியதுண்டு. நம் பிள்ளைகளுக்கு வாய்த்தது பெரட்டுக் களம். காலையில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பிவைக்கும் அதே களத்தில், மாலையில் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு, பலகையைச் செதுக்கி மட்டையாக்கிப் பிள்ளைகள் ஆடுவார்கள். மேட்டுப் பக்கம் அடித்தால் பந்து தானாகவே உருண்டு திரும்பி வரும். பள்ளத்துப் பக்கம் அடித்தால் தேயிலைக்குள் போய் மறையும், தேடியெடுப்பதற்குள் இருட்டிவிடும். ஆகையால் பள்ளத்தில் அடித்தவன் ஆட்டமிழந்தான் என்று சட்டம் செய்துகொண்டார்கள். முரளிதரன் அத்தகைய களத்தில் வளர்ந்தவரல்லர், நகரத்துப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர். எனினும் அவர் 1992 ஆகஸ்ட் 28-ஆம் தேதி கெத்தாராமையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கிய நாளிலிருந்து, மலையகத்துப் பெரட்டுக் களங்களிலெல்லாம் மணிக்கட்டைத் திருகிப் பந்து வீசும் சிறுவர்கள் தோன்றிவிட்டார்கள்.

அவருடைய முழங்கை பிறவியிலேயே முற்றிலும் நிமிராதது. அந்த மடங்கிய கையும் அபூர்வமாகச் சுழலும் மணிக்கட்டும் சேர்ந்தே அவருடைய வித்தை. 1995 டிசம்பர் 26-ஆம் தேதி மெல்பர்ன் மைதானத்தில் நடுவர் டாரெல் ஹேர், அவர் பந்தை எறிகிறார் என்று சொல்லி மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார். சில தினங்களுக்குள் பிரிஸ்பேனில் ராஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். 1999-இல் அடிலெய்டில் எமர்சன் அதைத் திரும்பச் செய்தபோது, சிங்களவரான தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியையே எல்லைக்கோடு வரை நடத்திச் சென்று நின்ற காட்சியை அந்நாளில் தொலைக்காட்சியில் கண்டவர் எவரும் மறக்கமாட்டார்கள். விஞ்ஞானிகள் கையை அளந்தார்கள். 2004-இல் உருக்குச் சட்டங்கள் பொருத்திய கவசத்துக்குள் முழங்கையை அசையாமல் பூட்டிக்கொண்டு, காமிராவின் முன் அதே பந்துகளை அதே சுழற்சியோடு அவர் வீசிக் காட்டினார். குற்றமற்றவர் என்பதை ஒவ்வொரு பரீட்சையிலும் புதிதாக நிரூபிக்க வேண்டியிருந்த அந்த நிலை, பிறப்புச் சான்றுக்கும் பதிவுக்குமாகக் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கி, இந்நாட்டில் வசிக்கும் உரிமையை நிரூபித்துக்கொண்டே மூன்று தலைமுறைகளைக் கழித்த நம் ஜனங்களுக்குப் புதியதன்று. 2010 ஜூலை 22-ஆம் தேதி, காலி மைதானத்தில், ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டு இறங்கிய தம் கடைசி ஆட்டத்தில், கடைசி விக்கெட்டாகப் பிரக்யான் ஓஜா ஸ்லிப்பில் மகேல ஜயவர்தனவின் கையில் பிடி கொடுக்க, அவருடைய டெஸ்ட் விக்கெட்டுகளில் எண்ணூறு என்னும் எண் பூர்த்தியாயிற்று. எதிரே ஆடியது பாட்டனாரின் நாடான இந்தியா.

இந்தச் சரித்திரம் படமான வரலாறும் எளிதாக நடந்ததன்று. எம். எஸ். ஸ்ரீபதியின் டைரக்ஷனில் விஜய் சேதுபதி முரளிதரனாக நடிப்பார் என்று 2020 அக்டோபர் 13-ஆம் தேதி அறிவிப்பு வெளிவந்ததும், தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2009-இல் யுத்தம் முடிந்தவிதம் குறித்து முரளிதரன் தெரிவித்த அபிப்பிராயங்கள் அதற்குக் காரணம். வன்னியில் உற்றாரைப் பறிகொடுத்தவர்களின் வேதனை மெய்யானது. அதை எவரும் அற்பமாகக் கருதலாகாது. ஆனால் அந்த நாட்களில் எழுந்த விவாதத்தில், இலங்கையில் மலையகத் தமிழர் என்றொரு ஜனம் உண்டு, அவர்களுக்குத் தனியான துயரமும் தனியான சரித்திரமும் உண்டு என்பது அநேகமாகப் பேசப்படவே இல்லை. தம் குடும்பம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களாக வாழ்க்கையைத் தொடங்கியது என்பதை முரளிதரன் தம் அறிக்கையில் எடுத்துச் சொன்னார். அந்த வரியில் ஆழ்ந்து நின்றவர்கள் மிகச் சிலரே. அவரே கேட்டுக்கொண்டதன் பேரில் விஜய் சேதுபதி விலகினார். பின்னர் மதுர் மிட்டல் என்னும் வட இந்திய நடிகர் அவ்வேடத்தைத் தாங்க, மகிமா நம்பியார், நாசர் முதலியோருடன் படம் முடிவடைந்து, சச்சின் டெண்டுல்கர் முன்னோட்டத்தை வெளியிட, மூன்று ஆண்டுகள் கழித்துத் திரைக்கு வந்தது.

படத்தைப் பற்றி என் தீர்ப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கு வந்த மூதாதையரின் பிரயாணமும், கலவரத்தில் அஞ்சி ஒடுங்கிய குடும்பமும் வரும் முற்பகுதியே அதன் பொக்கிஷம். ஆனால் அதை அவசரமாகக் கடந்து, ஆட்டங்களையும் வழக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதில் படம் தன் நேரத்தைச் செலவிட்டுவிடுகிறது. செர்பியர்கள் கோப்பையை ஒதுக்கிவைத்துத் தங்கள் தெருவைக் காட்டினார்கள். நாமோ தெருவைத் தொட்டுவிட்டு விக்கெட்டுகளுக்கு ஓடிவிட்டோம். காரணமும் வெளிப்படையானதே. அவர்களிடம் சொந்த சினிமா இருந்தது. நம் கதையைச் சென்னையின் மூலதனமும் சென்னையின் கலைஞர்களும் சேர்ந்து, பல தேசங்களின் கிரிக்கெட் ரசிகர்களை உத்தேசித்து எடுக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும், கோடம்பாக்கத்தின் பெரிய படம் ஒன்று நம் மூதாதையரின் வருகையை ஒரு நாயகனின் பூர்வகதையாக வைத்ததற்காக நான் அப்படத்துக்கு நன்றி பாராட்டுகிறேன்.

மலையகத்துக்குச் சினிமா முயற்சியே இல்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 1963-இலேயே 'தோட்டக்காரி' வந்தது. 1975-இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தாமே தயாரித்து நடித்தார். சங்கத்து மேடையில் பேசிய மனிதர் வெண்திரையிலும் தொழிலாளரின் கதையைச் சொல்ல முனைந்தார். அந்தப் படங்கள் இந்தியப் படங்களின் பிரவாகத்துக்கு எதிரே நிலைபெற இயலாமற் போயின. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நம் கதையைச் சொல்ல நமக்கென்று ஒரு நிலையான அமைப்பு உருவாகவில்லை.

'800' வெளிவந்த அதே 2023, நம்மவர் இம்மலைநாட்டுக்கு வரத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் நிறைந்த வருஷமாகும். அவ்வருஷம் ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்டு மாதத்தில் மாத்தளையை அடையும் வரை, முன்னோர் காட்டு வழியே நடந்த அதே தடத்தில் ஜனங்கள் நடந்து வந்தார்கள். அந்த நடைப்பயணமே ஒரு படத்துக்குப் போதுமான விஷயம். பெரட்டுக் களத்திலிருந்து நோர்வூட் மைதானத்துக்கும் ஹட்டன் டன்பார் மைதானத்துக்கும் ஏறிவந்த தோட்ட அணிகளின் கதை இன்னொரு படத்துக்குப் போதுமானது. அவற்றை எடுக்கப்போகும் இளைஞர்கள் இன்று நம் பள்ளிக்கூடங்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் சரித்திரப் படம் எடுப்பவனுக்கு உடையும், முகமும், லயத்து வாசலும் எப்படி இருந்தன என்று காட்டும் சான்றுகள் வேண்டும். ஆகவே வாசக அன்பர்களே, உங்கள் காம்பராவின் தகரப் பெட்டிக்குள் தோட்ட விளையாட்டுச் சங்கத்தின் பழைய புகைப்படமோ, கேடயமோ, சங்கக் கணக்குப் புத்தகமோ, போட்டி நோட்டீஸோ கிடந்தால், அதைக் கறையான் தின்ன விட்டுவிடாதீர்கள். படத்தின் பின்புறத்தில், இருப்பவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இந்த வாரமே எழுதி வையுங்கள்.