கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நனிசைவ உணவு

நனிசைவம் என்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் முதலிய விலங்குவழிப் பொருட்களையும் விலக்கி, தாவரங்களிலிருந்து கிடைப்பவற்றை மட்டும் உண்ணும் முறை ஆகும். தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் கருநாடகத்தை ஒட்டி அமைந்துள்ள ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கேழ்வரகு, கொள்ளு, அவரை, நிலக்கடலை ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட உணவு நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. சில மாற்றங்களைச் செய்தால் இதனையே நனிசைவ உணவாகக் கொள்ளலாம். எனவே இம்முறையைப் புதிதாகத் தொடங்குவோருக்கு விலை மிகுந்த பொதியுணவுகள் இன்றியமையாதவை அல்ல. ஆனால் உயிர்ச்சத்து பி12 இவ்வுணவில் இல்லை. அதனைத் தனியே பெறுதல் கட்டாயம் ஆகும்.

பெயரும் வரையறையும்

1944 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தோற்றுவித்தனர். "வீகன்" என்னும் ஆங்கிலச் சொல் அப்போது உருவானது. தமிழில் "நனி" என்பதற்கு மிகுதி என்று பொருள். சைவ உணவினும் ஒரு படி மேற்செல்வதால் இம்முறை நனிசைவம் எனப்படுகிறது.

தமிழர் வழக்கில் சைவ உணவு என்பது பாலையும் நெய்யையும் உள்ளடக்கியது. திருக்குறளின் 26 ஆம் அதிகாரமான புலால் மறுத்தலும் ஊன் உண்ணாமையைப் பற்றியதே ஆகும். கடைகளில் விற்கும் பொதிகளில் உள்ள பச்சைப் புள்ளி, பால் சேர்ந்த உணவுக்கும் பொருந்தும். ஆகவே அக்குறியை மட்டும் கொண்டு ஒரு பொருளை நனிசைவம் எனக் கருத இயலாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நனிசைவ உணவுகளுக்கான தனி ஒழுங்குவிதிகளையும் அடையாளக் குறியையும் 2022 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

வட்டார உணவு

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இங்கு மழையை நம்பிய செம்மண் நிலங்களில் கேழ்வரகு பயிராகிறது. அதனுடன் அவரை, துவரை, கடுகு முதலியவற்றை ஊடுபயிராக விதைப்பதும் உண்டு. தானியமும் பருப்பும் ஒரே வயலில் விளைவதைப் போல் ஒரே தட்டிலும் சேர்கின்றன.

கேழ்வரகு மாவில் கிண்டப்படும் உருண்டை தமிழில் களி என்றும், கன்னடத்தில் முத்தே என்றும், தெலுங்கில் சங்கட்டி என்றும் அழைக்கப்படுகிறது. மும்மொழியும் வழங்கும் ஓசூரில் இம்மூன்று பெயர்களையும் கேட்கலாம். களிக்குத் துணையாகக் கொள்ளுக் கடையல், கீரை மசியல், பனிக்காலத்தில் கிடைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பு ஆகியவை உண்ணப்படுகின்றன. இவ்வட்டார மக்கள் அனைவரும் புலால் உண்ணாதவர் அல்லர். கறிக்குழம்பும் கருவாட்டுக் குழம்பும் களியுடன் சேர்வது இயல்பு. கூழில் மோர் ஊற்றுவதும் பரவலான வழக்கம் ஆகும்.

தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023 இல் தொடங்கியது. அவ்வாண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது.

ஊட்டச்சத்து

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 முதல் 360 மில்லிகிராம் வரை கல்சியம் உள்ளது. 100 மில்லிலீட்டர் பசும்பாலில் இது ஏறத்தாழ 120 மில்லிகிராம் ஆகும். ஆயினும் கேழ்வரகில் உள்ள பைட்டிக் அமிலம் கல்சியத்தை உடல் முழுமையாக ஏற்பதைத் தடுக்கிறது. முளைகட்டுவதாலும் புளிக்க வைப்பதாலும் இத்தடை குறைகிறது.

கேழ்வரகில் புரதம் 100 கிராமுக்கு 7 கிராம் அளவே உள்ளது. கொள்ளில் 22 கிராமும் நிலக்கடலையில் 25 கிராமும் உள்ளன. தானியங்களில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பு வகைகளில் மிகுந்துள்ளது. எனவே களியைக் கொள்ளு அல்லது அவரையுடன் உண்பது பொருத்தமானது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகின்றன. உணவுடன் தேநீர் அருந்துவது அதனைக் குறைக்கிறது.

உயிர்ச்சத்து பி12

உயிர்ச்சத்து பி12 நுண்ணுயிரிகளால் உருவாக்கப்படுவது. கீரை, பருப்பு, புளித்த மாவு ஆகியவை இதற்கு நம்பத்தக்க மூலங்கள் அல்ல. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் வரை போதுமானது. எனினும் உணவிலிருந்து உடல் ஏற்கும் விழுக்காடு மாறுபடுவதால், மாத்திரைகளில் இதனினும் கூடுதல் அளவு இருக்கும். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் வரை தாங்கக்கூடும் என்பதால் குறைபாடு உடனே வெளிப்படுவதில்லை. சோர்வு, கை கால் மரத்துப்போதல், நினைவுக் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். காலம் கடந்தால் நரம்புப் பாதிப்பு நிலையாகிவிடலாம். ஆகவே நனிசைவர்கள் தொடக்கத்திலிருந்தே பி12 மாத்திரையையோ பி12 செறிவூட்டிய உணவையோ பயன்படுத்த வேண்டும். கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள் ஆகியோருக்கு மருத்துவரின் அறிவுரை தேவை.

எளிய சமையல்

கேழ்வரகுக் களி: கால் குவளை நொய்யரிசியை மூன்று குவளை நீரில் உப்பிட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். பின்னர் ஒரு குவளை கேழ்வரகு மாவை நடுவில் குவித்து, கிளறாமல் மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விட வேண்டும். அதன்பின் துடுப்பால் கட்டியின்றிக் கிண்டி, மீண்டும் சில நிமிடம் மூடி வைக்க வேண்டும். நனைத்த விரலில் மாவு ஒட்டாதிருப்பது வெந்ததற்கு அடையாளம். கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு உருண்டை பிடிக்கலாம்.

கொள்ளுக் கடையல்: ஒரு குவளை கொள்ளை இரவு முழுதும் ஊறவைத்து அழுத்தச் சமையற்கலனில் நன்கு வேகவைக்க வேண்டும். வடித்த நீரை இரசத்திற்கு வைத்துக்கொள்ளலாம். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, சிறிது புளியுடன் கொள்ளில் சேர்த்து மத்தால் கடைய வேண்டும்.

கூழில் மோருக்கு மாற்றாகத் தேங்காய்ப் பாலுடன் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம்.

நடைமுறைச் சிக்கல்கள்

தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் முறைப்பணி ஆற்றுவோர் பலர் ஆலை உணவகங்களிலும் விடுதிகளிலும் உண்கின்றனர். அங்குப் பொங்கல், பருப்பு, தோசை ஆகியவற்றில் நெய் சேரலாம். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம். எனவே கேட்டறிந்து உண்பது நல்லது. இட்லி, சாம்பார், காய்ப் பொரியல், சுண்டல் ஆகியவை பெரும்பாலும் நனிசைவமாகவே இருக்கும்.

பாலை விலக்குவதில் பொருளியல் சிக்கலும் உண்டு. கேழ்வரகுத் தட்டை மாட்டுக்குத் தீவனம். மாட்டுச் சாணம் நிலத்துக்கு எரு. மழை பொய்த்த ஆண்டில் பால் விற்ற பணமே பல உழவர் குடும்பங்களுக்கு வருவாய். பாலுக்காகக் கறவை மாடுகளைப் பயன்படுத்துவதை நனிசைவர்கள் ஏற்பதில்லை. மானாவாரி வேளாண்மையோ இன்றளவும் கால்நடையைச் சார்ந்து நிற்கிறது. களியும் கொள்ளும் நனிசைவமாக இருப்பினும், அவை விளையும் நிலம் விலங்குகளிலிருந்து விலகியது அன்று.

இவற்றையும் பார்க்க

கேழ்வரகு
கொள்ளு
தாவர உணவு முறை
கிருஷ்ணகிரி மாவட்டம்