சடுகுடு முதல் புரோ கபடி வரை

புதுக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் பொங்கல், கோயில் திருவிழா என்றால் கபடிப் போட்டியும் சேர்ந்தே வரும். மண் களம், சுண்ணாம்புக் கோடு, சுற்றிலும் ஊர்க்கூட்டம். எத்தனை நன்றாக ஆடினாலும் கிடைப்பது ஒரு கோப்பை, கொஞ்சம் பரிசுப் பணம். அதிர்ஷ்டம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, போலீஸ் வேலை. அவ்வளவுதான்!

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலேயே கபடி சேர்ந்துவிட்டது. இந்தியா தங்கத்தைக் குவித்தது. ஆனாலும் டி.வி.யில் பார்க்க ஆளில்லை. ஏன்?

பாடிப் போகிறவர் கோட்டைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பி வந்தாலும் தப்பில்லை. முன்னிலையில் இருக்கும் அணி இப்படியே நேரத்தைக் கடத்தலாம்.

வர்ணனையாளர் சாரு சர்மாவும் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவும் 2014 ஜூலை 26-ல் எட்டு அணிகளோடு புரோ கபடி லீக்கைத் தொடங்கியபோது, மாறியது இந்த இடம்தான். ஒரு பாட்டுக்கு 30 விநாடி. தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் பாடியவர் அவுட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. தோற்கிற அணிக்கும் கடைசி வரை நம்பிக்கை!

விதியை மாற்றினால் மட்டும் லீக் ஜெயித்துவிடுமா? அமெரிக்காவைப் பாருங்கள். மல்யுத்த நிறுவன முதலாளி வின்ஸ் மக்மேன் 2001-ல் எக்ஸ்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கைத் தொடங்கினார். டாஸுக்குப் பதில் இரண்டு பேர் ஓடிப்போய்ப் பந்தைப் பறிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே ஒருவருக்குத் தோள்பட்டை போனது. ஒரே சீசனில் கடை மூடப்பட்டது. அங்கே புது விதி பரபரப்புக்காக வந்தது. இங்கே ஆட்டத்தின் பழைய நோய்க்கு மருந்தாக வந்தது.

பலன்? 2014 ஏலத்தில் அதிகபட்ச விலை ராகேஷ் குமாரின் 12.80 லட்சம். 2022-ல் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் எடுத்தது 2 கோடிக்கும் மேலே. புதுக்கோட்டைக்கு அடுத்த தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த தர்மராஜ் சேரலாதன், 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். தமிழ்நாட்டுக்கு அணி வந்ததோ 2017-ல்தான். முதல் மூன்று சீசனும் பட்டியலின் அடியில் கிடந்தது வேறு கதை..

இதில் இழப்பும் உண்டு. சடுகுடுவில் மூச்சுதான் கடிகாரம். மூச்சு நீண்டவன் நீண்ட நேரம் நிற்பான். இன்று சுவரில் ஓடும் 30 விநாடிதான் தீர்ப்பு சொல்கிறது. மண் போய் ரப்பர் விரிப்பு வந்தது, வெறுங்கால் போய் ஷூ வந்தது. விரிப்பில் பழகாத கிராமத்துப் பையனுக்கு அந்த வாசல் இன்னும் தூரம்தான். மண்ணில் ஆடுகிறவனுக்கு விரிப்பும் கிடைக்கும்போதுதான் இந்த லீக்கின் வெற்றி முழுமையாகும்.