முந்திரியைத் தின்ற சர்வர்

நான் படிப்பது பி.காம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள உறவு டேலியோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். போன விடுமுறையில் அந்த நினைப்பு போனது.

செஞ்சியில் தெரிந்த அண்ணன் ஒருவரின் அலுவலகத்துக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து ஆவண மேலாண்மை மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தமிழில் தலைப்பு தட்ட வேண்டும். மாலையில் தேடிப் பார்த்தால் ஒரு தலைப்பையும் காணோம். எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி! "தம்பி, ஃபான்ட் இல்லபோல, போட்டுப் பாரு" என்றார் அண்ணன். போட்டேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. 'செஞ்சி' என்பது மூன்று எழுத்து. ஆனால் அந்த இடத்தில் ஆறு கேள்விக்குறிகள். ஏன் ஆறு? அதைத் தேடிப் போனபோது ஒரு சரித்திரமே கிடைத்தது.

1990களில் தமிழ் ஃபான்ட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. ஒருவர் தட்டியது இன்னொருவர் கணினியில் குப்பையாகத் தெரியும். இதைச் சரிசெய்ய 'திஸ்கி' வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்ற குறியீடுகள் வந்தன. 1991-லேயே யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், தமிழக அரசு அதைத் தன் தரமாக ஏற்றது 2010-ல்தான்.

யுனிகோடில் 'செ' என்பது ச, எகரக் குறி என இரண்டாகப் பதிவாகும். 'ஞ்', 'சி' இரண்டும் அப்படியே. ஆக மொத்தம் ஆறு. கணக்கு சரியாகிவிட்டது :-)

அடுத்த கேள்வி, அந்த ஆறும் எங்கே போயின? 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். நாம் வழக்கமாக எழுதும் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ஆனால் ஸ்வீடனில் பிறந்த மை-எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், வேறு எதுவும் சொல்லாவிட்டால் 'லத்தீன்-1' என்ற ஐரோப்பிய எழுத்துமுறைதான் அமையும். அகரவரிசைகூட ஸ்வீடிஷ் வரிசை! 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் இது மாறியது. லத்தீன்-1 பெட்டிக்குள் தமிழ் நுழையாது. ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். அமைப்பைக் கவனிக்காமல் நிறுவியது எங்கள் பக்கத் தவறு.

சரி, 'யுடிஎஃப்-8' என்று மாற்றினால் போதுமா? போதாது. 2004-ல் 4.1 பதிப்போடு மை-எஸ்க்யூஎல் கொடுத்த யுடிஎஃப்-8 மூன்று பைட் வரைதான் தாங்கும். நான்கு பைட் தாங்கும் 'எம்பி4' வகை 2010-ல்தான் வந்தது. தமிழுக்கு மூன்று போதுமே என்று தோன்றும். பழைய கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் போதாது.

அந்தக் கணக்குகளில் முந்திரி வரும். பண்ருட்டி முந்திரி இல்லை, 1/320 என்ற பின்னம். குழி, வேலி, நன்செய், புன்செய் எல்லாவற்றுக்கும் தனிச் சுழிகள் உண்டு. எங்கள் காமர்ஸ்காரர்களின் பற்று (௶), வரவு (௷) குறிகள் 2003-ல் யுனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்கு மூன்று பைட் போதும். பின்னங்களும் நில அளவைக் குறிகளும் உட்பட 51 குறிகள் 2019-ல் யுனிகோடு 12-ல்தான் சேர்ந்தன. இவை ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட். மூன்று பைட் பெட்டியில் முந்திரிச் சுழியைப் போட்டால், கண்டிப்பான அமைப்பில் பிழைச்செய்தி வரும். தளர்வான அமைப்பில் அந்த இடத்தோடு வரி அறுந்துவிடும். அதற்குப் பின்னால் இருந்ததும் போச்சு!

செஞ்சிக்காரனாக இது எனக்கு உறுத்துகிறது. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை, 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையைத் தாங்கிய கோட்டை இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அதன் கதையைச் சொல்லும் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' 1800களின் தொடக்கத்தில் நம் ஊர் நாராயணன் எழுதியது. காலின் மெக்கன்சியின் சேகரிப்பில் இருந்ததால் நமக்கு மிஞ்சியது. செல்லரித்த ஏடு தன் ஓட்டையை வெளிப்படையாகக் காட்டும். சர்வர் "சேமிக்கப்பட்டது" என்று சொல்லிக்கொண்டே அழித்துவிடும்.

எனவே உங்கள் வீட்டு ஆவணங்களை ஏற்றும் முன் தரவுத்தளம், அட்டவணை, பத்தி, இணைப்பு என நான்கு இடத்திலும் ஒரே 'எம்பி4' அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முந்திரிச் சுழி உள்ள ஒரு தலைப்பைச் சேமித்துத் திரும்பப் படியுங்கள். காப்புப் பிரதியிலிருந்தும் ஒருமுறை மீட்டுப் படியுங்கள். எழுத்து கோணல்மாணலாக வந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கும். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் மீட்கவே முடியாது.

அண்ணன் எல்லாத் தலைப்பையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அமைப்பை மாற்றிவிட்டு அதைப் பார்த்து முழுதும் மறுபடி தட்டினேன். நாற்பது பக்க நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. அதை இன்னும் தூக்கிப் போடவில்லை.