வாளி சுமந்த தோள்கள்



கடந்த மழைக்காலத்தில் எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள வீடமைப்புப் பகுதியில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. மேன்ஹோல் மூடியின் வழியே மலநீர் பொங்கிச் சாலையில் ஓடியது. புகார் செய்தும் பல நாள்கள் எவரும் வரவில்லை. மக்கள் சன்னல்களை அடைத்துக்கொண்டு வாழ்ந்தனர். துணிகளை வெளியே உலர்த்த இயலவில்லை. பிள்ளைகள் அந்நீரை மிதித்தே பள்ளிக்கு வந்தனர். இறுதியில் ஒரு லாரி வந்து அடைப்பை நீக்கியது.

அந்த லாரியில் வந்த பணியாளருள் ஒருவர் என் மாணவனின் தந்தை. மறுநாள் வகுப்பில் சிலர் அவனைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டனர். அவன் அழுதான். அப்போது எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. என் தாயாரின் தந்தை மலாக்கா நகரில் மலவாளி சுமந்தவர். அதனை நான் பள்ளிப் பருவத்தில் எவரிடமும் சொன்னதில்லை. ஆதலால் அவ்வரலாற்றை இங்கு எழுதுகிறேன்.

வாளிக் காலம்

பழைய கடைவீடுகளில் கழிவறை பின்புறம் இருந்தது. இருக்கைக்குக் கீழே ஒரு வாளி. பின்சந்தை நோக்கி ஒரு சிறு கதவு. பணியாளர் அக்கதவைத் திறந்து, நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு வெறும் வாளியை வைத்துச் செல்வர். மலாயா நகரங்களில் இப்பணி செய்தோருள் சீனரும் இருந்தனர், நம்மவரும் இருந்தனர். ஒருநாள் வாளி எடுக்கப்படாவிடில் அது நிரம்பி வழியும், வீடே நாறும். தாத்தா காய்ச்சலோடும் பணிக்குச் செல்வார் என்று பாட்டி கூறுவார்.

இப்பணி நாற்றத்தை மட்டும் அகற்றவில்லை, நோயையும் அகற்றியது. 1854இல் இலண்டனில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ அதன் மூலத்தைப் பிராட் தெருவின் குடிநீர்க் குழாயடியில் கண்டார். அக்கிணற்றின் அருகிலிருந்த மலக்குழி கசிந்திருந்தது. 1858இல் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தையே எட்டிய பின்னரே பெரும் பாதாளச் சாக்கடைகள் கட்டப்பட்டன.

தோட்டத்து மண்

நகரில் வாளியேனும் இருந்தது. தோட்டங்களின் நிலை வேறு. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் இரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் பால் வெட்ட நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். லயங்களில் முறையான கழிவறைகள் இல்லாத காலத்தில் மக்கள் மரங்களுக்கிடையே ஒதுங்கினர். மலத்திலுள்ள கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் பொரிக்கும். அதன் குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். விடியற்காலையில் வெறுங்காலோடு வெட்டுக்குச் சென்றவர்கள் சோகை பிடித்துத் தளர்ந்தனர். "தமிழன் சோம்பேறி" என்ற பழிச்சொல்லுக்குப் பின்னால் இப்புழுவும் இருந்தது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்நோயை ஆராய்ந்தது.

தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வரையறுத்தன. ஆயினும் நான் வளர்ந்த ஜாசின் வட்டாரத் தோட்டத்தில், 1980களிலும் கனத்த மழை பெய்தால் லயத்துக் கழிவறைக் குழி நிரம்பி லோங்காங்கில் கலக்கும். அதில்தான் நாங்கள் காகிதக் கப்பல் விட்டோம்.

குழாய்க் காலம்

1993இல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1994இல் இண்டா வாட்டர் நிறுவனம் பணியைத் தொடங்கியது. நெடுங்காலம் சாக்கடைபோல் கிடந்த மலாக்கா ஆறும் சீரமைக்கப்பட்டு, இன்று சுற்றுப்பயணிகள் படகில் செல்லும் இடமாகியுள்ளது.

கண்ணுக்கு மறைந்ததால் கழிவை நாம் மறந்தோம். சமையல் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுகிறோம். அது குழாயில் கட்டியாக உறைகிறது. ஈரத்தாள்களையும் அணையாடைகளையும் கழிவறையில் போடுகிறோம். உடைந்த குழாய்களில் மழைநீர் புகும்போது, தாங்காத நீர் மேன்ஹோல் வழியே வெளியேறுகிறது. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சட்காமாலை ஆகியவை இந்நீரால் பரவக்கூடும். தேங்கிய கழிவுநீரில் கியூலெக்ஸ் கொசு பெருகும்; எலிகளும் பெருகும்.

பெற்றோர் செய்யத்தக்கவை:

1. பயன்படுத்திய எண்ணெயைப் புட்டியில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.
2. செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் உரிய காலத்தில் கசடை அகற்றச் செய்யுங்கள்.
3. கழிவுநீர் பெருகிய இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மிதித்துவிட்டால் கால்களையும் காலணிகளையும் சோப்பிட்டுக் கழுவச் செய்யுங்கள்.
4. அப்பணியாளரைப் பிள்ளைகள் முன்னிலையில் இழிவாகப் பேசாதீர்கள்.

நான்காவதை நான் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். மறுவாரம் என் தாத்தாவின் கதையை வகுப்பில் கூறினேன். எவரும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் அம்மாணவன் என்னிடம் வந்து, "டீச்சர், உங்க தாத்தாவுக்குக் கையுறை கொடுத்தாங்களா? எங்க அப்பாவுக்குக் கொடுத்திருக்காங்க" என்றான்.

தாத்தாவுக்குக் கொடுக்கவில்லை என்றேன். பிள்ளைகள் தங்கள் முன்னோரின் உழைப்பை மறைக்க வேண்டியதில்லை என்பதை நாம்தான் கற்பித்தல் வேண்டும்.