நடுங்கிய குரலும் ஆறு சுரங்களும்

பாஸ்கா திருவிழிப்பு இரவில், எரியும் திரியின் முன் நின்று பாஸ்கா புகழுரையைத் துணையின்றிப் பாடிய குருக்களுக்குக் குரல் நடுக்கம் இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. ஓராண்டு, இரண்டாம் பத்தியிலேயே எனக்குச் சுருதி இறங்கிவிட்டது.

அதே இரவில், அதே இடத்தில் குரல் கம்மிய ஒருவரைப் பற்றி, 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தே வொராஜினே தொகுத்த 'பொன் வரலாறு' என்னும் புனிதர் சரித நூல் கூறுகிறது. அவர் 8ஆம் நூற்றாண்டினரான திருத்தொண்டர் பவுல். இத்தாலியின் மோந்தே கசினோ மடத்துத் துறவி. திரியை மந்திரிக்கும் வேளையில் தொண்டை அடைத்துக்கொண்டதாம். செக்கரியாவின் கட்டுண்ட நா யோவானின் பிறப்பை ஒட்டியே அவிழ்ந்தது அல்லவா? ஆகவே திருமுழுக்கு யோவானை நோக்கி, தம் குரலை மீட்டுத் தருமாறு ஒரு பாடல் இயற்றினாராம். பாடல் அவருடையதுதானா என்பதில் அறிஞர்க்கு ஐயம் உண்டு. எனினும் சூன் 24ஆம் நாள் திருப்புகழ்மாலையில் அது இன்றும் இடம்பெறுகிறது.

இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின், அரெஸ்ஸோ நகரில் பாடகரைப் பயிற்றுவித்த குயிதோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி அப்பாடலை வேறொரு பணிக்கு எடுத்துக்கொண்டார். (உடன் துறவியரின் பொறாமையால் பொம்போசா மடத்தை விட்டு வந்தவர் அவர், துறவற இல்லங்களும் இதற்கு விலக்கல்ல.) அவர் கையாண்ட மெட்டில் முதல் ஆறு அடித்துண்டுகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அவற்றின் முதலசைகளே உத், ரே, மி, ஃபா, சோல், லா ஆயின.

அதுவரை மாணவர், ஆசிரியரின் குரலையோ ஒற்றைத்தந்திக் கருவியையோ பின்தொடர்ந்தே பாடினர். தொடக்கத்தில் அது உதவும். அதிலேயே நிற்பவர் குருடரைப் போல் வழி தேடுவர் என்று நண்பர் மிக்கேலுக்கு எழுதிய கடிதத்தில் குயிதோ கண்டிக்கிறார். அடுத்த சுரம் எங்கே என்று அறியாத குரல்தானே நடுங்குகிறது! பத்தாண்டு உழைத்தும் அரைகுறையாகவே கற்ற கலையை, ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில் கற்கலாம் என்பது அவர் கணக்கு. திருத்தந்தை 19ஆம் யோவான் (1024-1032) அவரை உரோமைக்கு அழைத்து, ஏட்டைப் புரட்டி, தாம் முன்பு கேட்டிராத ஒரு வசனத்தைத் தாமே பாடிக் கற்றபின்பே எழுந்தார். திருத்தந்தை ஒருவர் பாலர் வகுப்பில் அமர்ந்த காட்சி!

இதைப் படித்தபோது நம் சரளி வரிசை நினைவுக்கு வந்தது. ஒன்றிலிருந்து மற்றது வந்ததென்று நான் சொல்லவில்லை; ஆனால் புரந்தரதாசர் (1484-1564) வகுத்ததாகக் கூறப்படும் அதுவும் படிப்படியாய் ஏறி இறங்குவதே. நாற்பத்தைந்து வயதில், ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவரிடம் அதைத் தொடங்கினேன். ஆறு மாதம் கீர்த்தனையின் பக்கமே போகவிடவில்லை அவர். விடியற்காலை, தம்புராவின் சுருதி, மாயாமாளவகௌளை, மூன்று காலம், அவ்வளவே.

அடுத்த பாஸ்கா இரவிலும் சுருதி இறங்கியது. ஆனால் திரும்பி ஏறும் படி எங்கே என்று தொண்டைக்குத் தெரிந்திருந்தது.