கப்பல் தளத்திலிருந்து வந்த இரவு உணவு

1941 மே மாதம், தேசப் பாதுகாப்புக்கான ஊட்டச்சத்து மாநாடு ஒன்றை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வாஷிங்டனில் கூட்டினார். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. ஆயினும் படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் பலர் உடற்தகுதியின்றித் திருப்பியனுப்பப்பட்டது அரசைக் கலங்கடித்திருந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு வைட்டமின் வேண்டும் என்ற பட்டியல் அம்மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. 1943இல் 'அடிப்படை ஏழு' என்ற பெயரில் உணவுகளை ஏழு பிரிவாக்கிக் காட்டும் பிரசாரம் வந்தது. அதில் வெண்ணெய்க்கும் மார்கரினுக்கும் தனிப் பிரிவே உண்டு. இன்றைய மருத்துவர்கள் கண்டால் திடுக்கிடுவார்கள்.

சொன்னால் மக்கள் கேட்பார்களா என்பது வேறு கேள்வி. ஜெர்மனியிலிருந்து வெளியேறி அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் கர்ட் லெவின் அதைச் சோதித்துப் பார்த்தார். மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற, இல்லத்தரசிகள் முகம் சுளிக்கும் உறுப்பிறைச்சிகளைச் சமைக்க வைக்கவேண்டும். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதத்தினரே சமைத்தனர். தமக்குள் கூடிப் பேசி முடிவெடுத்தவர்களிலோ 32 சதவீதம். மேடைப்பேச்சில் மயங்கும் நாம் இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஆனால் கூடிப் பேசவும் நேரம் வேண்டுமே! கப்பல் கட்டும் தளத்தில் இரவு ஷிப்ட் முடித்து, வெல்டிங் புகையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அது ஏது? அவளுக்கு இல்லாதிருந்தது அறிவன்று, பொழுது. இதை உணர்ந்து செயல்பட்ட இடமாக எனக்குத் தெரிவது, ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இருந்த கைசர் கப்பல் தளங்கள்தாம். அங்கே 1943 நவம்பரில் இரண்டு குழந்தைகள் நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை இரவும் பகலும் பார்த்துக்கொண்டார்கள். உணவுப் பொறுப்பு மிரியம் லோவன்பர்க் என்ற ஊட்டச்சத்து வல்லுநருடையது. பிள்ளையை அழைத்துப்போக வரும் தாய், விலை கொடுத்து, குடும்பத்துக்கான இரவு உணவையும் சமைத்த நிலையிலேயே கையோடு வாங்கிப் போகலாம். வீட்டில் சூடாக்கினால் போதும். துண்டுப் பிரசுரம் சொல்லித்தர முயன்ற சமச்சீர் உணவு தட்டிலேயே வந்து சேர்ந்தது. போர்க்கால ஊட்டச்சத்துக் கல்வியில் இதைவிடச் சிறந்த பாடத்தை நான் அறியேன்.

போர் முடிந்த 1945இல் நிலையங்கள் மூடப்பட்டன. லோவன்பர்க் பின்னர், புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்குடன் சேர்ந்து குழந்தை உணவு பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1955இல் வெளியாயிற்று. சமைப்பது மறுபடி தாய்மாரின் வேலையாகியிருந்தது.